மேற்போர்வையும் உட்பரப்பும்

பொருளின் மேற்றோற்றத்தைக் கண்டு மயங்குதல் மனித இயல்பு. பளபளக்கும் ஒன்றைப் பொன்னோ பித்தளையோ என்று உரைத்துப் பார்க்கும் பொறுமை எல்லோர்க்கும் வாய்ப்பதில்லை. இன்று எமது வீதிகளிற் செல்லும் வாகனங்களைச் சற்று நோக்குங்கள். பாடசாலை வான், ஐஸ்கிறீம் வண்டி, கொழும்புக்குச் செல்லும் இரவு பஸ், இசையெழுப்பிக்கொண்டு பாண் விற்கவரும் முச்சக்கர வண்டி ஆகிய யாவும் படமும் எழுத்துமாகப் பட்டாடை உடுத்தினவை போலச் செல்கின்றன. அவ்வாடை பெயின்றினால் ஆனதன்று. ஏறத்தாழத் தலைமயிரின் பருமனேயுள்ள ஒரு பிளாஸ்டிக் தோலினால் ஆனது. வினைல் ஸ்டிக்கர் என்று வழங்கும் அத்தோலில் படம் அச்சிட்டு, வாகனத்திற் போர்த்தி ஒட்டுவதே எமது சீவனோபாயம்.

இத்தொழிலின் நுட்பங்களையும், இதில் நேரும் இடர்களையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றோம். வண்டியை நம்பி வாழும் குடும்பத்தார்க்கு இது பணத்தைக் காக்கும். கைத்தொழில் ஒன்றை நாடும் மாணவர்க்கு இது வழிகாட்டும்.

வினைல் என்னும் பொருளின் வரலாறே சுவையானது. 1872 ஆம் ஆண்டில் யூஜின் பௌமன் என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர், வினைல் குளோரைட்டு வாயு நிரம்பிய குடுவைகளை வெயிலில் விட்டிருந்தபோது, உள்ளே வெண்ணிறத் திண்மப் பொருள் ஒன்று படிந்திருக்கக் கண்டார். அது விறைப்பானது, எளிதில் உடைவது. ஆதலின், நெடுங்காலம் அதனால் எவர்க்கும் பயன் விளையவில்லை. 1926 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், குட்றிச் கம்பனியின் இரசாயனவியலாளர் வால்டோ சீமன் என்பார் இரப்பரை உலோகத்தோடு ஒட்டவல்ல பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். தேடிய பசை கிட்டவில்லை. ஆயின், விறைத்த வினைலை இளக்கி வளையச் செய்யும் வழி கிட்டியது. 1935 இல் ஸ்டான் ஏவரி என்பவர் பின்புறம் பசையுடைய ஒட்டுத்தாள்களைத் தொழிலாக்கினார். இளகிய வினைலும் பின்புறப் பசையும் பிற்காலத்தில் ஒன்றுசேர்ந்தபோது எமது தொழிலின் மூலப்பொருள் உருவாயிற்று. வெயிலிற் பிறந்த அப்பொருளுக்கு வெயிலே பெரும் பகை என்பதுதான் வேடிக்கை.

நிற்க. வினைல் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவோர் பலர். அஃது உண்மையன்று. அதனைச் செய்யும் முறை இரண்டு. எமது அடுக்களையிலேயே இரண்டுக்கும் உவமை உண்டு. ரொட்டிக்குக் குழைத்த மாவை உருளையால் இழைத்துத் தட்டையாக்குகின்றோம். கையை எடுத்தவுடன் அது சற்றுச் சுருங்கி முன்னிருந்த நிலையை நாடுகின்றது. உருளைகளுக்கிடையே நெரித்துச் செய்யும் மலிந்த வினைல் இத்தகையது. ஏழெட்டு மாதம் வெயிலிற் காய்ந்தபின், தன் பழைய நினைவு வந்தாற்போற் சுருங்கத் தலைப்படும். ஓரங்கள் உயரும், மூட்டுகளில் வெள்ளைக்கோடு தோன்றும். தோசைமாவோ அப்படியன்று. ஊற்றிய இடத்தில் தானாகப் பரந்து, பரந்தபடியே வேகின்றது. திரவமாக வார்த்து, அடுப்பில் உலர்த்திச் செய்யும் உயர்ந்த வினைல் அத்தகையது. பருமன் ஐம்பது மைக்ரோன் அளவே. வளைவுக்கு வளையும், பள்ளத்துக்குப் படியும், சுருங்கும் நினைவு அதற்கு மிகக் குறைவு.

விலையிலே இரண்டுக்கும் பெரும் வேறுபாடு உண்டு. கடைவாயிலில் நிற்கும் வாடிக்கையாளர்க்குக் கண்ணால் மட்டும் வேற்றுமை அறிதல் அரிது. மலிந்ததை ஒட்டி உயர்ந்ததன் விலையை வாங்குவோரும் உளர். ஆதலின், வண்டிக்குப் போர்வை போடச் செல்வோர் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "எவ்வளவு செலவாகும்?" என்பதன்று, "எவ்வகை வினைல்?" என்பதே. கடைப்பலகைபோன்ற தட்டையான பரப்புக்கு மலிந்த வகையே போதும். அங்கே உயர்ந்ததை வற்புறுத்தி விற்பதும் நேர்மையன்று. வளைவும் நெளிவும் மிக்க வாகனத்துக்கு வார்த்த வகையே தகும்.

அச்சிடுதலைப் பற்றிச் சிறிது கூறுவோம். யந்திரத்தின் தலையிலே கண்ணுக்குப் புலப்படாத நூற்றுக்கணக்கான துளைகள் உள. அவற்றினூடே நீலம், செவ்வூதா, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள் துளிதுளியாகப் பாய்கின்றன. ஒரு துளை அடைபட்டாலும் படத்தின் குறுக்கே கோடு விழும். தினமும் வேலை தொடங்குமுன் சோதனைக் கோடுகளை அச்சிட்டுப் பார்த்தல் எமது நியதி. துளைகள் யாவும் சரியாயிருந்தும் ஒரே இடைவெளியிற் கோடுகள் விழுமாயின், குற்றம் மையில் இல்லை. தாள் நகரும் அளவிலே உள்ளது. வெண்கோடு விழுந்தால் தாள் மிகுதியாக நகர்கின்றது என்பதும், கருங்கோடு விழுந்தால் குறைவாக நகர்ந்து மையின்மேல் மை படிகின்றது என்பதும் பொருள். வெப்பத் தட்டின் சூடு மிகுந்தால் வினைல் நெளிந்தெழுந்து அச்சுத்தலையில் உரசும். அப்போது சூட்டைக் குறைத்தல் வேண்டும். அன்றேல் தலையைச் சற்று உயர்த்துதல் வேண்டும். காரணத்தைத் தேறாது பொத்தான்களை மாறிமாறி அழுத்துவோர், ஒரு குற்றத்தை நீக்கப்போய் மூன்றைத் தேடிக்கொள்வர்.

2022 ஆம் ஆண்டு இத்தொழிலாளர் எவரும் மறக்கவியலாத ஆண்டு. அவ்வாண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. யந்திரம் ஓய்ந்திருக்கும் வேளையிலும் இடையிடையே தன் தலையைத் தானே கழுவிக்கொள்ளும். அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லையேல் துளைகளில் மை உறைந்து, விலையுயர்ந்த அத்தலை பாழாகும். புதிய தலை தருவிக்க டொலர் இல்லாத காலம் அது. நாம் முறைவைத்துக் கண்விழித்து, தலையை மூடிவைக்கும் மூடியைக் கழுவுதிரவத்தால் ஈரமாக வைத்திருந்து, மின்சாரம் வந்த கணத்திலே, அது நள்ளிரவாயினும், சோதனைக்கோடு அச்சிட்டுக் காத்தோம். கைக்குழந்தைக்குப் பாலூட்ட எழும் தாயாரைப் போல எழுந்தோம் என்றால் மிகையாகாது.

அச்சான படத்தை உடனே ஒட்டிவிடலாகாது. மையிலுள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற ஒரு முழுநாளாவது, கருநிறம் மிக்க படமாயின் இரண்டு நாளாவது செல்லும். அதுவரை தாளை இறுகச் சுருட்டாது, காற்றுப் புகும்படி தளர்வாக நிறுத்திவைத்தல் வேண்டும். ஈரம் உலராத ஒடியலைச் சாடியில் அடைத்தவர் பூஞ்சணத்தையே காண்பர் அல்லவா? அதுபோலவே, உலராத படத்தின்மேல் காப்புத்தாளை ஒட்டி மூடினால், உள்ளே சிறைப்பட்ட கரைப்பான் பசையை இளக்கும், ஓரங்கள் சுருளும். "நாளைக் காலை திருவிழா, இன்றைக்கே ஒட்டித் தாருங்கோ" என்று வருவோர்க்கு இல்லையென்று சொல்வது கடினமே. ஆயினும், சொல்லத்தான் வேண்டும்.

எமது வேலைத்தலத்திலே பெரியவர் ஒருவர் இருக்கின்றார். இளமையில் எனாமல் பெயின்றும் தூரிகையும் கொண்டு கடைப்பலகைகளும் லொறிப் பெயர்களும் எழுதிப் பேர்பெற்றவர். எம்போன்றோரின் யந்திரம் வந்ததும் அவர் தூரிகைக்கு வேலை இல்லாமற் போயிற்று. ஒருநாள் எமது வாயிலில் நின்று, அச்சாகி வந்த பெயர்ப்பலகையை நெடுநேரம் நோக்கி, "தம்பியவை, எழுத்து வடிவு, ஆனால் றோட்டிலை போறவன் வாசிக்க மாட்டான்" என்றார். உண்மையே. எழுத்துகள் நெருங்கி, மஞ்சட் பின்னணியில் வெண்ணிறமாய் மயங்கிக் கிடந்தன. அன்றே அவரை எம்மோடு இருத்திக்கொண்டோம். எத்தனை அடி தூரத்துக்கு எவ்வளவு பெரிய எழுத்து, எந்நிறத்தின்மேல் எந்நிறம் என்பவற்றை யந்திரம் அறியாது; அவர் கண் அறியும். வானின் இழுகதவு திறந்தால் எவ்வெழுத்து மறையும், மறைந்தபின் எஞ்சிய சொல் நகைப்புக்கிடமாகுமா என்று அவர் முன்கூட்டியே பார்த்துச் சொல்வார். ஓடும் வாகனத்தில் பெயரும் தொழிலும் தொலைபேசி எண்ணும் தவிரப் பிறவெல்லாம் வீண் என்பது அவர் சித்தாந்தம்.

தமிழெழுத்துப் பற்றி மாணவர்க்கு ஒரு குறிப்பு. எமது நாட்டிலே பாமினி முதலிய பழைய எழுத்துருக்கள் இன்றும் பலவிடத்தும் வழங்குகின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலே அக்கோப்பைத் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிரம்பி வழியும். படம் வரைந்து முடிந்ததும் எழுத்துகளை வெறும் கோட்டுருவங்களாக மாற்றியபின்னரே அச்சுக்கு அனுப்புதல் வேண்டும். மாற்றியபின் எழுத்துப்பிழை திருத்தல் அரிது. ஆதலின், முன்னரே இருவர் படித்துப் பார்த்தல் நன்று.

இனி, இத்தொழிலின் உயிர்நிலையாகிய ஒன்றுக்கு வருவோம். அதுதான் ஒட்டப்படும் பரப்பு. 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 ஆம் ஆண்டிலேதான் படிப்படியாக மீண்டும் தொடங்கிற்று. இடைப்பட்ட ஆண்டுகளிலே பழைய வண்டிகளையே மக்கள் செப்பனிட்டுச் செப்பனிட்டு ஓட்டினர். பெயின்றின் விலை ஏறியதும், மங்கிய வண்டியை ஸ்டிக்கர்ப் போர்வையால் மூடிவிடலாம் என்னும் எண்ணம் பலர்க்கும் எழுந்தது.

2023 ஆம் ஆண்டில் ஒருநாள், முச்சக்கர வண்டியிற் பாண் விற்கும் ஒருவர் வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். மனைவியின் காப்பை அடகுவைத்த பணம் அவர் சட்டைப்பையில் இருந்தது. "தம்பியவை, பெயின்ற் அடிக்கக் காசு காணாது. உந்தப் படத்தை முழுக்க ஒட்டிவிட்டியள் எண்டால் வண்டி புதிசு மாதிரி வந்திடும். ஊத்தை வண்டியிலை பாண் வாங்கச் சனம் யோசிக்குது" என்றார். அவர் கூறியதில் நியாயம் இருந்தது. உணவு விற்பவர்க்கு வண்டியின் துப்புரவே முதல்.

வண்டியின் பின்புறத்தில் வேறோர் இடத்தில் முன்னர் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்து தொங்கியது. உரிந்த இடத்தில் பெயின்றும் உடன் உரிந்து, பட்டி பூசிய வெள்ளை தெரிந்தது. "அண்ணை, ஒருக்காப் பொறுங்கோ" என்று கூறி, நன்கு பிடிக்கும் ஒட்டுநாடாவை வண்டியின் முன்முகத்தில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தோம். பெயின்று நாடாவோடு வந்தது. அதன் கீழே துரு. வேறோரிடத்திலும் அவ்வாறே செய்தோம். அங்கும் அதுவே.

ஸ்டிக்கர் தானாக எதிலும் நிற்பதில்லை. அது பெயின்றைப் பற்றி நிற்கின்றது. பெயின்று தகட்டைப் பற்றி நிற்கின்றது. தகட்டைப் பற்றாத பெயின்றின்மேல் எத்துணை உயர்ந்த வினைலை ஒட்டினும், மூன்று மழையில் அது விழும். அன்றேல் உள்ளே துரு பரவி வண்டியையே தின்னும். இதனை அவரிடம் சொன்னோம். அவர் முகம் சிவந்தது. "ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லுங்கோ, வேறை கடையள் இருக்கு" என்றார்.

அந்த வாரம் கடை வாடகை கொடுக்கவேண்டியிருந்தது. எம்மில் இளையவன் ஒருவன், "அவர் கேட்கிறார், நாம் ஒட்டுகிறோம், கீழே உள்ள பெயின்றுக்கு நாமா பொறுப்பு?" என்று எம்மைத் தனியே அழைத்து வாதாடினான். அவன் வாதத்திலே சட்டப்படி குற்றம் காண்பது கடினம். ஆயின், பெரியவர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தவாறே, "காப்பை மீட்க முதலே ஸ்டிக்கர் விழும். பிறகு அந்தாள் என்னத்தை விக்கிறது?" என்றார். அதன்மேல் எவரும் வாதிக்கவில்லை.

அவர்க்கு ஒரு வழி கூறினோம். பாண் அடுக்கும் பெட்டி அலுமினியத் தகட்டால் ஆனது, துரு இல்லை, தட்டையானது. அதற்கு மட்டும் பெயரும் படமும் ஒட்டினால், முழுப்போர்வைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கே ஆகும். வண்டியின் உடலைக் கராஜில் தேய்த்து, துரு நீக்கிப் பெயின்று அடித்து, மூன்று நான்கு வாரம் இறுகவிட்டு, விரும்பினால் அதன்பின் வரட்டும் என்றோம். அன்று ஒன்றும் பேசாது போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து வந்தார். மைத்துனரின் கராஜிலே தாமே உரத்தாள் கொண்டு தேய்த்ததாகக் கூறிக் கைகளைக் காட்டினார். பெட்டிக்குப் படம் ஒட்டினோம். உடலுக்குப் போர்வை வேண்டியிருக்கவில்லை. புதிய பெயின்றே போதுமாயிருந்தது. எமக்குக் கிடைத்தது சிறு தொகை. அப்படம் இன்றும் ஓரம் உயராது நிற்கின்றது.

ஒட்டும் முறையையும் கூறிவிடுவோம். முதலிற் சவர்க்கார நீரால் கழுவுதல். பின்னர் ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, அது உலருமுன் வேறொரு துணியால் எடுத்தல். மெழுகும் எண்ணெயும் கண்ணுக்குத் தெரியா. கதவின் உள்ளோரம், இரப்பர் விளிம்பு, கைபிடியின் கீழ்ப்புறம் ஆகியவற்றிலேதான் அவை ஒளிந்திருக்கும். ஸ்டிக்கர் முதலில் எழுவதும் ஆங்கேயே. கொதிக்கும் தகட்டில் ஒட்டலாகாது. பசை உடனே கவ்விக்கொள்ளும், திருத்த இடம் தராது. எமது நாட்டு வெயிலுக்குக் காலைப்பொழுதும் கூரையின் நிழலுமே உகந்தவை.

தேய்ப்புத் தகட்டை நடுவிலிருந்து வெளிநோக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு இழுத்துக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். குமிழி எஞ்சினால் ஊசியால் ஒரு துளை போதும், கத்தி வேண்டாம். பள்ளமான இடங்களில் வினைலை இழுத்து அடைப்பவரே பெரும்பாலோர். இழுத்தது திரும்பும். இளஞ்சூடு காட்டி, தானாகத் தளர்ந்து படியவிட்டு அழுத்துதலே முறை. முடிந்தபின், வளைவுகளையும் பள்ளங்களையும் ஏறத்தாழத் தொண்ணூறு முதல் நூறு பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால், வார்த்த வினைல் தன் பழைய நினைவை மறக்கும். சூட்டைக் கையால் மதிப்பிடாது வெப்பமானியால் அளத்தல் வேண்டும். துண்டுகளை இணைக்கும்போது, ஓட்டுக்கூரை வேய்வதுபோல மேற்றுண்டு கீழ்த்துண்டின்மேலும், முன்றுண்டு பின்றுண்டின்மேலும் படிந்தால், மழையும் காற்றும் ஓரத்துட் புகா. வண்டியின்மேலேயே கத்தியால் அறுப்பவர் பெயின்றையும் அறுப்பர். அக்கீறலே துருவின் வாயில். இதற்கென நூல் பொதிந்த ஒட்டுநாடா உண்டு. நூலை இழுத்தால் வினைல் மட்டும் அறுபடும்.

கண்ணாடிகளுக்குத் துளையிட்ட தனி வகை உண்டு. வெளியே படமும் உள்ளே கருநிறமுமாக இருக்கும். உள்ளிருப்பவர் வெளியைக் காண்பர். ஆயினும், முன்கண்ணாடிக்கும் விளக்குகளுக்கும் இலக்கத் தகட்டுக்கும் எதனையும் ஒட்டுதல் தகாது. பாடசாலை வானின் பக்கக் கண்ணாடிகளிலும் சாரதியின் பார்வைக்கே முதலிடம், படத்துக்கு அன்று. முழு வண்டியின் நிறத்தையும் மாற்றுவோர், மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் விதியை முதலிற் கேட்டறிதல் நன்று. ஒட்டியபின் சில நாள்கள் கழுவலாகாது. பின்னரும் உயரமுக்க நீரை ஓரங்களை நோக்கிப் பாய்ச்சலாகாது.

ஜெர்மனியிலே 1971 முதல் வாடகைக் கார்கள் வெளிறிய தந்த நிறத்தில் இருத்தல் வேண்டுமென விதி வந்தது. பிற்காலத்தில் அங்கே பலர் வேறுநிறக் காரை வாங்கி, தந்த நிற வினைலைப் போர்த்தி ஓட்டி, விற்கும்போது உரித்துப் பழைய நிறத்தோடு நல்ல விலைக்கு விற்றனர். போர்வை அடிப்பரப்பைக் காத்தது. அடிப்பரப்பு நன்றாயிருந்தமையாலேயே அது இயன்றது. உரிக்கும்போதும் அவசரம் ஆகாது. இளஞ்சூடு காட்டி, தாழ்ந்த கோணத்தில் மெல்ல மெல்ல இழுத்தல் வேண்டும்.

உரித்த வினைலை எரிக்கவே எரிக்காதீர்கள். அதன் மூலப்பொருளின் எடையிற் பாதிக்குமேல் குளோரின். எரிந்தால் நுரையீரலைப் புண்ணாக்கும் அமில வாயுவும் வேறு நஞ்சுகளும் எழும். வேலியோரத்தில் எரியும் அக்குப்பையின் புகை அயல்வீட்டுத் தொட்டிலையும் எட்டும். நாம் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி, கழிவு எடுக்கும் வண்டியிற் கொடுக்கின்றோம். வேறு துண்டுகளைச் சிறு பெயர்ச்சீட்டுகளாக வெட்டி, அயற் பாடசாலைப் பிள்ளைகளின் கொப்பிகளுக்குக் கொடுப்பதும் உண்டு.

இத்தொழிலைக் கற்க விரும்பி எம்மிடம் வரும் இளைஞர்க்கு முதல் மூன்று மாதம் யந்திரத்தைத் தொட நாம் விடுவதில்லை. வாளியும் துணியும் கொடுத்துக் கழுவச் சொல்கின்றோம். கழுவும்போது கை அறியும் மேடுபள்ளத்தையும் துருவையும் கண் அறியாது. சிலர் மனம் கசந்து போய்விடுகின்றனர். நின்றவர்கள் இன்று தாமே கடை வைத்து நடத்துகின்றனர். அவர்களிடம் வண்டி கொண்டு செல்பவர்கள், கையில் ஒட்டுநாடாவுடன் வரும் ஒருவரை முதலிற் காண்பார்களாயின், சினம் கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம். அவர் உங்கள் பணத்தைக் காக்கவே அதனைக் கொண்டு வருகின்றார்.